முதலில் பரிசோதனை, பிறகு மருந்து

சென்னை ஐஐடி 2025 பிப்ரவரியில் 'பாரத் கேன்சர் ஜீனோம் அட்லஸ்' என்ற பெயரில் ஒரு தரவுத்தளத்தை வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த மார்பகப் புற்றுநோயாளிகளிடமிருந்து பெறப்பட்ட 480 திசு மாதிரிகளின் மரபணு விவரங்கள் அதில் தொகுக்கப்பட்டுள்ளன. இந்தியப் பெண்களின் புற்றுக் கட்டிகளில் எந்தெந்த மரபணு மாற்றங்கள் காணப்படுகின்றன என்பதை இந்தியத் தரவுகளைக் கொண்டே ஆராய்வதற்கான அடித்தளம் அது. ஆய்வுலகில் இது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால், உத்திரமேரூர் வட்டத்தில் ஏதோ ஒரு சிற்றூரில் மார்பில் கட்டியோடு மருத்துவமனைக்குப் புறப்படும் ஒரு பெண்ணுக்கு இந்த அறிவியல் எப்போது, எந்த வழியாக, என்ன விலையில் வந்துசேரும் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அந்தக் கேள்விக்கான விடை பெரும்பகுதி பொருளாதாரத்தில் இருக்கிறது என்பதால்தான் இதை எழுத முற்படுகிறேன்.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளாகின்றனர். 9 லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். அவர்களில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளாகும் பெண்கள் மட்டும் சுமார் 1.92 லட்சம். இவர்கள் ஒவ்வொருவருக்கும் வந்திருப்பது ஒரே நோயன்று. பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் உட்கூறுகள் வேறு; போக்கு வேறு; மருந்துக்கு அது பணியும் விதமும் வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டிக் கொடுப்பவையே 'பயோமார்க்கர்' எனப்படும் மூலக்கூறு அடையாளங்கள். புற்றணுவின் மேற்பரப்பில் உள்ள ஒரு புரதமாகவோ, உட்கருவில் உள்ள ஒரு மரபணுப் பிறழ்வாகவோ அவை இருக்கலாம்.

வானமும் மண்ணும்

இந்த அடையாளங்கள் இருவகைப் பணிகளைச் செய்கின்றன. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல தவறான முடிவுகள் எடுக்கப்படுகின்றன. ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் எங்கள் பகுதி உழவருக்கு இதைச் சொல்ல எளிய வழி ஒன்றுண்டு. ஐப்பசி மழை எப்படிப் பெய்தது, ஏரி எவ்வளவு நிரம்பியது என்பதைப் பார்த்து, இந்தப் போகம் எப்படி இருக்கும் என்று பெரியவர்கள் கணித்துவிடுவார்கள். அது வருவதை முன்னுணர்த்தும் குறி. அதே வயலின் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பினால், எந்த உரம் போட்டால் பலன் உண்டு, எது வீண்செலவு என்று தெரியும். இது செயலுக்கு வழிகாட்டும் குறி. முதலாவது நோயின் போக்கைச் சொல்கிறது. இரண்டாவது மருந்தின் பயனைச் சொல்கிறது. நோயாளியின் குடும்பம் பணம் செலவழிப்பதற்கு முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

மார்பகப் புற்றுநோயில் இதற்கு அரை நூற்றாண்டு வரலாறு உண்டு. கட்டியின் அணுக்களில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனை ஏற்கும் புரதம் இருந்தால், 'டாமாக்சிஃபென்' என்ற மாத்திரை வேலை செய்யும். ஐந்தாண்டுகள் அதை உட்கொண்ட பெண்களிடையே, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் ஏற்படும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று, பல்லாயிரம் நோயாளிகளின் தரவுகளை ஒருங்கே ஆராய்ந்து 2011-இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. அந்தப் புரதம் இல்லாத பெண்களுக்கு அதே மாத்திரையால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை. விலை குறைந்த பழைய மருந்துதான். யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்வது ஒரு கண்ணாடிச் சில்லில் செய்யப்படும் நிறமேற்றும் சோதனை.

'ஹெர்2' என்ற புரதத்தின் கதையும் அத்தகையதே. மார்பகப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது அளவுக்கு மீறி இருக்கும். இத்தகைய கட்டிகள் வேகமாக வளர்பவை, மீண்டும் தலைதூக்குபவை. 1998-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற 'டிராஸ்டுசுமாப்' என்ற மருந்து இந்தப் புரதத்தைக் குறிவைத்துத் தாக்கியதால், கெட்ட அடையாளமாக இருந்த ஒன்றே நல்ல வாய்ப்பாகவும் மாறியது. ஆனால் சோதனை செய்யாதவருக்கு அந்த வாய்ப்பு இருப்பதே தெரியாது.

நுரையீரல் புற்றுநோயில் கிடைத்த பாடம் இன்னும் கூர்மையானது. கிழக்கு ஆசியாவில் 1,217 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-இல் வெளியான ஆய்வில், 'ஜெஃபிடினிப்' என்ற மாத்திரையும் வழக்கமான கீமோதெரபியும் ஒப்பிடப்பட்டன. 'இஜிஎஃப்ஆர்' என்ற மரபணுவில் பிறழ்வு உள்ளவர்களில் மாத்திரை எடுத்துக்கொண்டோரில் 71 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது. கீமோதெரபி பெற்றோரில் 47 விழுக்காடு. பிறழ்வு இல்லாதவர்களிடம் நிலைமை தலைகீழ்: மாத்திரையால் 1 விழுக்காட்டினருக்கே பயன், கீமோதெரபியால் 23.5 விழுக்காடு. ஒரே மாத்திரைதான். ஒருவருக்கு அது உயிர்காக்கும் மருந்து. இன்னொருவருக்கோ, கிடைத்திருக்க வேண்டிய சிகிச்சையைத் தள்ளிப்போடும் தடை. இந்த இருவரையும் வெளித்தோற்றத்தைக் கொண்டோ அனுபவத்தைக் கொண்டோ உறுதியாகப் பிரித்தறிய எந்த மருத்துவராலும் இயலாது. திசுவைத்தான் கேட்க வேண்டும்.

தகவலின் விலை

பொருளாதார வகுப்பில் தகவலுக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று கற்பிப்போம். அந்த மதிப்பு அது மாற்றவல்ல முடிவைப் பொறுத்தது. முடிவை மாற்றாத தகவல் எவ்வளவு நுட்பமானதாயினும் அதற்குச் செலவிடுவது வீண். முடிவை மாற்றும் தகவலோ, அதன் விலையைப்போல் பன்மடங்கு பெறுமானம் உடையது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். விளக்கத்துக்காகவே இந்தத் தொகைகளை எடுத்துக்கொள்கிறேன். ஹெர்2 சோதனைக்கு ஒருவருக்கு 5,000 ரூபாய், முழு அளவு மருந்துக்கு 3 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 100 பெண்களில் 20 பேருக்கு அந்தப் புரதம் மிகுதி. சோதனையே செய்யாமல் அனைவருக்கும் மருந்து கொடுத்தால் செலவு 3 கோடி, அதில் 2.4 கோடி எந்தப் பயனும் இன்றிக் கரைவதோடு, இதயத்தைப் பாதிக்கக்கூடிய பக்கவிளைவுக்கும் 80 பேரை ஆளாக்குகிறோம். சோதனையும் செய்யாமல் மருந்தும் கொடுக்காமல் விட்டால் செலவு சுழியம். ஆனால், காப்பாற்றப்படக்கூடிய பெண்களைக் கைவிடுகிறோம். 5 லட்சம் ரூபாய் செலவில் அனைவருக்கும் சோதனை செய்து, தேவையான 20 பேருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் மொத்தச் செலவு 65 லட்சம். மூன்று வழிகளில் அறிவுடைய வழி எது என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆனால், நம் நாட்டின் நடைமுறையில் இரண்டாவது வழியே சத்தமின்றிப் பின்பற்றப்படும் இடங்கள் பல. அதில் கணக்கில் வரும் செலவு எதுவும் இல்லாததால் தணிக்கையில் அது தெரிவதில்லை.

தணிக்கையில் தெரியாதது வீடுகளில் தெரிகிறது. ஆங்கிலத்தில் அச்சிட்ட மருத்துவ அறிக்கைகளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் என்னிடம் வருவதுண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, குத்தகை நிலத்தில் நெல் பயிரிடும் ஒருவர் மனைவியின் கோப்பைக் கொண்டுவந்தார். தனியார் மருத்துவமனை ஒன்றில் அறுவை சிகிச்சையும் ஆறு சுற்றுக் கீமோதெரபியும் முடிந்திருந்தன. நகைகள் அடகில் இருந்தன. முதல் திசுப் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பகுதியில், ஹெர்2 முடிவு 'இரண்டு பிளஸ்' என்றும், உறுதி செய்ய 'ஃபிஷ்' சோதனை பரிந்துரைக்கப்படுகிறது என்றும் ஒரு வரி இருந்தது. "சார், இதை யாரும் எங்களுக்குப் படிச்சுக் காட்டலையே" என்றார் அவர். அந்த வரி அச்சாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. பிறகு வேறொரு மருத்துவமனையில் மீதமிருந்த திசுவைக் கொண்டு அந்தச் சோதனை செய்யப்பட்டது. முடிவு 'பாசிடிவ்' என்று வந்தது. தாமதமாகவேனும் அந்த அம்மாளுக்கு உரிய மருந்து தொடங்கப்பட்டது. அந்தத் தாமதம் என்ன விலை கேட்கும் என்பதை எந்தக் கணிதத்தாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இதைத் தனியொரு மருத்துவரின் கவனக்குறைவாக மட்டும் பார்ப்பது பயன் தராது. சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று நான்கு படிகளில் ஹெர்2 முடிவு தரப்படுகிறது. சுழியமும் ஒன்றும் 'இல்லை', மூன்று 'உண்டு', இரண்டு என்பது 'இன்னும் தெரியவில்லை, அடுத்த சோதனை தேவை' என்று பொருள். முதல் சோதனை பல ஊர்களில் கிடைக்கிறது, அடுத்த சோதனை பெருநகரங்களில்தான் கிடைக்கிறது, விலையும் கூடுதல். எழுதியவர் ஒருவர், படிக்க வேண்டியவர் இன்னொருவர், பணம் கட்ட வேண்டியவர் மூன்றாமவர். மருத்துவச் சந்தையில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். புற்றுநோய்ச் சிகிச்சையில் அந்த இடைவெளி ஒரு வரியின் வடிவில்கூட வரும்.

சென்னையில் தொடங்கிய ஒரு வழக்கு

அடையாளம் தெரிந்தும் மருந்து வாங்க இயலாவிட்டால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 'சிஎம்எல்' எனப்படும் நாள்பட்ட ரத்தப் புற்றுநோயில், 9-ஆம் 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்வதால் ஒரு புதிய மரபணு உருவாகிறது. அந்தச் சிறிய குரோமோசோம் 1960-இல் ஃபிலடெல்ஃபியா நகரில் கண்டறியப்பட்டது. அதன் விளைவான புரதத்தை முடக்கும் 'இமாட்டினிப்' மாத்திரை 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அம்மருந்தைத் தொடக்கத்திலிருந்தே பெற்ற நோயாளிகளில் 89 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் உயிரோடு இருந்தனர் என்று 2006-இல் வெளியான ஆய்வு சொன்னது. நோயைக் கண்டறியவும், மருந்தைத் தேர்ந்தெடுக்கவும், மருந்து தொடர்ந்து வேலை செய்கிறதா என்று கண்காணிக்கவும் ஒரே மூலக்கூறு அடையாளம் பயன்படுகிறது.

அந்த மாத்திரையின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்டிஸ் நிறுவனம் செய்த விண்ணப்பத்தை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவையே எதிர்த்து அந்நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. இறுதியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமையை மறுத்தது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய் விலை இருந்தபோது, இந்திய நிறுவனங்கள் தயாரித்த அதே மருந்து பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. பின்னர் அது மேலும் குறைந்தது. டிராஸ்டுசுமாப் மருந்துக்கும் 2014 முதல் இந்தியத் தயாரிப்புகள் சந்தைக்கு வந்தன.

மருந்தின் அளவையும் காலத்தையும் கேள்விக்கு உட்படுத்தும் ஆய்வுகளும் வந்துகொண்டிருக்கின்றன. பிரிட்டனில் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், டிராஸ்டுசுமாப் ஆறு மாதம் பெற்றவர்களில் 89.4 விழுக்காட்டினரும், பன்னிரண்டு மாதம் பெற்றவர்களில் 89.8 விழுக்காட்டினரும் நான்காம் ஆண்டில் நோயின்றி இருந்தனர். அனைத்து நோயாளிகளுக்கும் இது பொருந்துமா என்பது மருத்துவர்கள் முடிவுசெய்ய வேண்டியது. ஆனால், பன்னிரண்டு மாதத்துக்கு வழியில்லை என்பதற்காக மருந்தே இல்லாமல் திரும்பும் குடும்பத்துக்கு, அந்த அரை விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடு ஒரு கதவைத் திறக்கிறது. ஆகவே மருந்தின் விலை என்பது மாற்ற முடியாத விதியன்று. சட்டமும் போட்டியும் நல்ல ஆய்வும் அதைக் குறைத்திருக்கின்றன. சோதனையின் விலைக்கும் இதே விதி பொருந்தும்.

மிகையும் குறையும்

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு முழுமை பெறாது. சோதனை நல்லது என்றவுடன், நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே முறையில் அலசித் தருவதாகச் சொல்லும் விலையுயர்ந்த தொகுப்புகள் சந்தையில் குவிந்துள்ளன. அவற்றில் கண்டறியப்படும் பிறழ்வுகளில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து இல்லை. அல்லது இருக்கும் மருந்து எட்டாத விலையில் இருக்கிறது. நிலத்தை விற்று அப்படியோர் அறிக்கையைப் பெற்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு திகைக்கும் குடும்பத்துக்கு யார் விடை சொல்வது? 'இந்தச் சோதனையின் முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா?' என்ற ஒரே கேள்வியை ஒவ்வொரு நோயாளியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாறாது என்றால், அந்தச் சோதனை ஆய்வுக்கூடத்தின் செலவில் நடக்கட்டும். குடும்பத்தின் செலவில் வேண்டாம்.

நோயின் போக்கைக் கணிக்கும் அடையாளங்கள் செலவைக் குறைக்கவும் உதவும் என்பதையும் மறக்கலாகாது. 21 மரபணுக்களை ஆராயும் ஒரு சோதனையைக் கொண்டு, ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களிடம் நடத்தப்பட்ட அமெரிக்க ஆய்வு 2018-இல் வெளியானது. ஹார்மோன் ஏற்பி உள்ள, நிணநீர்க் கணுக்களுக்குப் பரவாத, ஆரம்பநிலைக் கட்டியுடையவர்களில் மிகப் பலருக்குக் கீமோதெரபி தேவையே இல்லை என்று அது காட்டியது. தேவையற்ற கீமோதெரபி தவிர்க்கப்பட்டால் மருந்துச் செலவு மட்டுமா மிச்சம்? இழக்கும் கூலி நாள்கள், உடன் செல்பவரின் வேலை, வீட்டில் விட்டுச்செல்லும் குழந்தைகள் ஆகியவையும் மிச்சம். அந்த அமெரிக்கச் சோதனையின் விலை இங்குப் பெரும்பாலோருக்கு எட்டாதது. அதனால்தான் பெங்களூரு 'ஆன்கோஸ்டெம்' நிறுவனம், ஐந்து புரதங்களைச் சாதாரண நிறமேற்றும் முறையில் கண்டறிந்து ஆபத்தைக் கணிக்கும் சோதனையை உருவாக்கியது போன்ற முயற்சிகள் கவனத்துக்குரியவை. அவற்றை அரசு மருத்துவமனைகளில் சுதந்திரமாக மதிப்பிட்டு, பயன் உறுதியானால் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

'நோயை முற்றிய நிலையில் கண்டறிவதுதான் நம் முதன்மைச் சிக்கல். அதைத் தீர்க்காமல் மூலக்கூறு பற்றிப் பேசலாமா?' என்று சிலர் கேட்கலாம். முன்கூட்டியே கண்டறிதலுக்கே முதலிடம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியது. அதன் வழியே வீடுதோறும் செல்லும் பணியாளர்கள் புற்றுநோய்ப் பரிசோதனைக்கும் பெண்களை அழைத்துவர முடியும் என்பது பெரிய வலிமை. ஆனால், கண்டறிந்த பின்பு கைவிடுவதற்காகக் கண்டறிவதில் பொருளில்லை. முகாமில் கண்டறியப்படும் ஒவ்வொரு கட்டிக்கும் அடுத்த கேள்வி, அது எவ்வகைக் கட்டி என்பதுதான். அடிப்படைச் சோதனைகளை ஆடம்பரம் என ஒதுக்குவோர், முகாம்களின் பலனில் பாதியை விரயமாக்குகிறோம் என்பதை உணர வேண்டும்.

மெழுகுக் கட்டியின் பயணம்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் காரப்பேட்டைக்கு ஒருமுறை சென்று திரும்ப ஒரு நாள் போய்விடும். அங்குள்ள அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை எங்கள் மாவட்டத்துக்குக் கிடைத்த பேறு. புற்றுநோய்க்கு ஆளாகி 1969 பிப்ரவரி 3 அன்று மறைந்த முதல்வரின் பெயரை, அவர் பிறந்த மண்ணிலேயே தாங்கி நிற்பது அது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமோ, புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் உருவாகி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தி, டாக்டர் சாந்தா ஆகியோரின் உழைப்பால் ஆல்போல் தழைத்தது. இத்தகைய நிறுவனங்களுக்குப் பக்கத்தில் இருந்தும், சோதனைக்காகவே நோயாளிகள் மீண்டும் மீண்டும் அலைவது தவிர்க்கக்கூடிய துன்பம்.

ஏனெனில் பயணம் செய்ய வேண்டியது நோயாளி அல்லர், திசு. எடுக்கப்பட்ட திசு முறையாக ஃபார்மலினில் பதப்படுத்தப்பட்டு மெழுகுக் கட்டிக்குள் வைக்கப்பட்டால், சாதாரண வெப்பநிலையில் ஆண்டுக்கணக்கில் கெடாது. எங்கள் ஊர்களில் கறந்த பாலைக் கூட்டுறவுச் சங்கம் காலையும் மாலையும் சேகரித்து, திரிந்துபோகும் முன்பே குளிரூட்டும் நிலையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. சில மணி நேரத்தில் கெடும் பாலுக்கு அத்தகைய ஏற்பாட்டைச் செய்யத் தெரிந்த ஒரு மாநிலத்தால், கெடாத மெழுகுக் கட்டியை வட்டத் தலைநகரிலிருந்து உயர்நிலை ஆய்வகத்துக்கு அனுப்ப முடியாதா?

ஆனால் அந்தக் கட்டி தரமாக இருக்க வேண்டும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் திசு ஃபார்மலினில் இடப்பட வேண்டும். ஆறு முதல் எழுபத்திரண்டு மணி நேரம் வரை அதில் ஊற வேண்டும். நேரம் தவறினாலோ, கரைசல் தரமற்றதாக இருந்தாலோ உள்ள புரதமும் இல்லாததுபோல் தோன்றும். மிக விலையுயர்ந்த இயந்திரமும் கெட்டுப்போன திசுவிலிருந்து உண்மையை எடுக்க முடியாது. சில ரூபாய் பெறுமான திரவமும், குப்பியின் மேல் எழுதப்படும் நேரமும்தான் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி.

செய்ய வேண்டியவை

முதலாவது, கட்டாயச் சோதனைகளுக்கு ஒரு குறும்பட்டியல் வேண்டும். மார்பகப் புற்றுநோயில் இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2-உம். நுரையீரலின் அடினோகார்சினோமா வகையில் இஜிஎஃப்ஆர், ஏஎல்கே. சிஎம்எல் நோயில் பிசிஆர்-ஏபிஎல். இவை ஒவ்வொன்றும் மருந்தை மாற்றுபவை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட இன்றியமையாத நோயறிதல் பட்டியலில் புற்றுநோய்ச் சோதனைகளும் இடம்பெற்றிருப்பது நமக்கு வழிகாட்டும்.

இரண்டாவது, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இப்பட்டியலில் உள்ள ஒவ்வொரு சோதனைக்கும் தனி விலை, தனி ஒப்பளிப்பு இருக்க வேண்டும். சிகிச்சைத் தொகுப்பின் ஒட்டுமொத்தக் கட்டணத்துக்குள் சோதனையை அடக்கினால், அதைத் தவிர்க்கும் மருத்துவமனைக்கு லாபமும் செய்யும் மருத்துவமனைக்கு நட்டமும் ஏற்படும். ஊக்கத்தொகை தவறான திசையில் இருக்கும்போது நற்பண்பை மட்டும் நம்பிக் கொள்கை வகுக்கக் கூடாது.

மூன்றாவது, மொத்தக் கொள்முதல். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை ஒருங்கே வாங்கி விலையைக் குறைப்பதில் நாட்டுக்கே முன்மாதிரியானது. டாடா நினைவு மருத்துவமனை ஒருங்கிணைக்கும் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பு, பல மருத்துவமனைகளுக்காக 40 மருந்துகளைக் கூட்டாகப் பேரம் பேசி வாங்கியபோது, சேமிப்பின் இடைநிலை அளவு 82 விழுக்காடு என்று 2023-இல் வெளியான ஆய்வு கூறியது. சோதனைக்கான வேதிப்பொருள்களுக்கும் இதே வழி பொருந்தும். எண்ணிக்கை கூடினால் சோதனை ஒன்றுக்கான செலவு குறையும். நாள்தோறும் செய்யும் ஆய்வகத்தில் பிழையும் குறையும்.

நான்காவது, அறிக்கை. 'உண்டு', 'இல்லை', 'அடுத்த சோதனை தேவை' என்ற மூன்றில் ஒன்று, அறிக்கையின் முதல் வரியாகத் தமிழில் அச்சாக வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. அரசாணை ஒன்று போதும். அறிக்கையின் நகலையும், வேறு மருத்துவமனைக்குச் செல்லும்போது மெழுகுக் கட்டியையும் கேட்டுப் பெற நோயாளிகள் தயங்கக் கூடாது.

ஐந்தாவது, கணக்கு. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலை முறைக்காக உலகெங்கும் பேசப்படுகிறது. அதில் என்னை எப்போதும் ஈர்ப்பது வேறொரு விதி: வாரியப் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வர முடியாது. பொதுப்பணி செய்தவர் கணக்குக் காட்ட வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிய ஊர் இது. ஒவ்வொரு புற்றுநோய் மருத்துவமனையும் ஆண்டுதோறும் மூன்று எண்களையாவது வெளியிட வேண்டும்: எத்தனை நோயாளிகளுக்குக் கட்டாயச் சோதனை செய்யப்பட்டது, முடிவு வரச் சராசரியாக எத்தனை நாள் ஆயிற்று, மருந்துக்குத் தகுதி பெற்றவர்களில் எத்தனை பேருக்கு மருந்து கிடைத்தது. முதல் எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் இடையில் எங்கே மக்கள் விடுபடுகிறார்கள் என்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வரும்.

1981-இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கப்பட்டபோது, அதில் முதலில் இணைந்த மூன்று நகரங்களில் சென்னையும் ஒன்று. எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதை நாற்பது ஆண்டுகளாக எண்ணத் தெரிந்த நமக்கு, உரிய மருந்து எத்தனை பேருக்குச் சென்றது என்பதை எண்ணுவது புதிய கலையன்று. மரபணுத் தரவுத்தளங்கள் பெருகட்டும், ஆய்வுகள் வளரட்டும். அவற்றோடு, சிற்றூரிலிருந்து வரும் ஒரு குப்பியின் மேல் நேரத்தை எழுதுவதும், வந்த முடிவைத் தமிழில் சொல்வதும் நாளையே தொடங்கக்கூடிய பணிகள். அரசு அவற்றிலிருந்து தொடங்கட்டும்.

கட்டுரையாளர்:
பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு).